நத்தை என்றொரு பெயர்

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது நல்லம்பள்ளி வாரச் சந்தையில் நான் ஒரு தவறு செய்தேன். சட்டம் அதைத் தவறு என்று சொல்லாது. அதற்காக எந்தப் போலீஸ்காரரும் என்னைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்ததெல்லாம் ஒரே ஒரு சொல்லைச் சொன்னதுதான்.

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிற ஊர் எங்கள் ஊர். பக்கத்தில் அதியமான்கோட்டை. தெற்கே போனால் தொப்பூர்க் கணவாய். சந்தையில் வெங்காயம் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரே ஓர் ஆள், கையில் பை, கூடப் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை. முப்பது வருஷம் கழித்துப் பார்க்கிறேன். ஆனாலும் அந்த நடையை எப்படி மறக்க முடியும்? சந்தோஷம் தாங்காமல், யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டேன்.

"டேய், நத்தை!"

அவன் திரும்பினான். முகம் மலர்ந்தது. "அட, வாப்பா! எப்ப வந்த?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பெங்களூரில் கொத்தனார் வேலை செய்கிறானாம். லீவுக்கு வந்திருக்கிறானாம். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். அந்தக் குழந்தை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பாவின் சட்டையை இழுத்தது.

"ஏம்பா, இவரு உன்னை நத்தைன்னு கூப்பிடறாரு?"

ஒரு விநாடிதான். அதற்குள் அவன் சிரித்துவிட்டான். "சின்ன வயசுல அப்பா ரொம்ப மெதுவா நடப்பேன் கண்ணு. அதான்."

சொல்லிவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தான். அதில் கோபம் இல்லை. 'ஆமாம் என்று சொல்' என்கிற வேண்டுகோள்தான் இருந்தது. நானும் "ஆமாம் பாப்பா, உங்கப்பாவோட நடந்தா பொழுது போயிடும்" என்று சொன்னேன்.

அது பொய். எங்கள் வகுப்பில் அவனை முந்தி ஓடியவன் கிடையாது.

நத்தை என்ற சொல்லுக்கு இருக்கிற அர்த்தங்களிலிருந்து தன் மகளுக்காக அவன் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தான். எல்லாவற்றிலும் தீங்கில்லாத அர்த்தம் அது. பத்திரிகைக்காரர்கள்கூட நாள்தோறும் எழுதுகிற அர்த்தம். பாலம் கட்டும் பணி நத்தை வேகத்தில் நடப்பதாகப் படிக்காத தமிழர் யார்? ஆனால் நாங்கள் அவனுக்கு அந்தப் பெயரை வைத்ததன் காரணம் வேறு. அவன் வீட்டில் நத்தை தின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். பாதிக் கல்லூரிப் படிப்போடு நின்றுபோனவனுக்கு அகராதிதான் சர்வகலாசாலை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்னிடம் இருக்கிறது. தப்புச் செய்துவிட்டு அகராதியைப் பார்க்கிறவனைக் கண்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஒரு சொல்லால் ஒருவனை அடித்தவன், அந்தச் சொல் எப்படிப்பட்டது, அதன் எடை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

நத்தைக்குப் பழைய பெயர் நந்து. இது மிகப் பழைய சொல். உயிர்களை அறிவின் கணக்குப்படி ஒன்று முதல் ஆறு வரை வகுத்த தொல்காப்பியர், மரபியலில் நந்துக்கு இரண்டாம் படியில் இடம் கொடுக்கிறார். தொட்டால் தெரியும், சுவைத்தால் தெரியும். அவ்வளவுதான் அதன் அறிவு என்பது அவர் கணக்கு. இன்றைய விலங்கியல்காரர்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கிறார்கள். தோட்டத்து நத்தைக்கு நான்கு கொம்புகள். மேல் கொம்புகள் இரண்டின் நுனியிலும் கண் இருக்கிறது. மோப்பமும் உண்டு. நிமிஷத்துக்கு இரண்டு மூன்று அங்குலந்தான் நகர்கிறது என்றாலும், போகிற இடம் தெரிந்துதான் போகிறது.

அதே லெக்சிகனில் 'நந்துதல்' என்ற வினைச்சொல்லைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். ஒரு பொருள், கெடுதல். மற்றொரு பொருள், வளர்தல். வாழ்வும் அழிவும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன! திருக்குறளில் புகழ் அதிகாரத்தில் 'நத்தம்' என்று ஒரு சொல் வருகிறது. பரிமேலழகர் அதற்கு ஆக்கம் என்று பொருள் எழுதி, நந்து என்ற சொல்லிலிருந்து அது பிறந்த விதத்தையும் காட்டுகிறார். கேடு போலத் தோன்றுவது ஆக்கமாவதும், சாவு போலத் தோன்றுவது வாழ்வாவதும் அறிவாளிகளுக்கே வாய்க்கும் என்பது அந்தக் குறளின் கருத்து.

இலக்கணம் ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் பக்கத்து ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. தர்மபுரிச் சீமை வறண்ட சீமை. மாசி, பங்குனியில் ஏரி வற்றி, சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். நீர்நத்தை அப்போது சேற்றுக்குள் இறங்கி, தன் வாயில் இருக்கிற வட்ட மூடியால் கதவைச் சாத்திக்கொண்டு, மாதக்கணக்கில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது. அதற்கு நீரில் மூச்சுவிடச் செவுளும் இருக்கிறது. காற்றில் மூச்சுவிட நுரையீரல் போன்ற ஒரு பையும் இருக்கிறது. காய்ந்த ஏரியில் நடப்பவன் காலில் அது வெறும் ஓடாகத் தட்டுப்படும். செத்துவிட்டது என்று நினைப்பான். முதல் மழை விழுந்து இரண்டு நாள் ஆனால் கரையெல்லாம் நத்தை! கெட்டதா, வளர்ந்ததா? இரண்டுந்தான்.

நந்து என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. அதுதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. நந்து என்றால் சங்கு.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சங்கும் நத்தைதான், கடலில் வாழ்கிற நத்தை. உடம்பு ஒன்று, சுருள் ஒன்று, ஊர்ந்து போகிற விதமும் ஒன்று. ஆனால் இரண்டுக்கும் நாம் வைத்திருக்கிற மரியாதையைப் பாருங்கள்! ஒன்று பெருமாள் கையில் இருக்கிறது. கோயிலில் ஊதுகிறோம். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிறோம். மனிதன் செத்தாலும் அதைத்தான் ஊதுகிறோம். மற்றொன்றைக் கையால் தொட்டவனைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம்.

சங்கிலும் தரம் பிரித்தார்கள். இடம்புரி சாதாரணம், வலம்புரி கிடைத்தற்கு அரியது, செல்வம் கொண்டுவருவது. வேடிக்கை என்னவென்றால், நாம் வலம்புரி என்று கொண்டாடுவதை விலங்கியல்காரர்கள் இடச்சுருள் என்று சொல்கிறார்கள். அவர்கள் நுனியை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். நாம் ஊதுகிற பக்கத்திலிருந்து பார்க்கிறோம். ஒரே பொருள், பிடிக்கிற கைக்குத் தகுந்தபடி இடமாகிறது, வலமாகிறது.

சங்கின் சரித்திரம் பெரிய சரித்திரம். பாண்டிய நாட்டுக் கடற்கரையில் முத்துக் குளித்தவர்களே சங்கும் குளித்தார்கள். கொற்கையில் தோண்டிப் பார்த்தபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. மதுரை நகரத்துத் தொழிலாளரைச் சொல்லிவரும் மதுரைக்காஞ்சி, சங்கை அறுத்து வளையல் கடைகிறவர்களையும் மறக்கவில்லை. பிற்காலத்தில் தூத்துக்குடிச் சங்குகள் கப்பல் ஏறி வங்காளத்துக்குப் போயின. டாக்காவில் ஒரு கடைவீதி முழுவதும் சங்கு அறுப்பவர்கள் இருந்தார்கள். கல்யாணமான வங்காளப் பெண் கையில் வெள்ளைச் சங்கு வளையல் இல்லாமல் இருக்க மாட்டாள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் என்ற வெள்ளைக்காரர் இந்த வியாபாரத்தில் ஈடுபட்டு 1914ல் இதைப் பற்றித் தனி நூலே எழுதி வைத்தார். தெற்கே ஒரு பரதவன் மூச்சைப் பிடித்து எடுத்துவந்த நத்தையின் ஓடு, வடக்கே ஒரு பெண்ணுக்கு மாங்கல்யமாயிற்று!

ஆனால் அறுத்தவனுக்கு மரியாதை கிடைத்ததா? நக்கீரரைப் பற்றிய கதை உங்களுக்குத் தெரியும். 1965ல் வந்த திருவிளையாடல் சினிமாவுக்குப் பிறகு அது தெரியாத தமிழ்க் குழந்தை கிடையாது. வாதம் முற்றியதும் சாட்சாத் பரமசிவனே நக்கீரருடைய குலத்தொழிலைக் குத்திக் காட்டுகிறார்; சங்கு அறுக்கிறவனா என் பாட்டை ஆராய்வது என்கிறார். நக்கீரரும் விடவில்லை. சங்கை அறுத்துப் பிழைப்போமே தவிர உம்மைப்போல் பிச்சை எடுக்க மாட்டோம் என்று திருப்பிக் கொடுக்கிறார். கதைதான். ஆனால் கதையைக் கட்டியவர்களுக்கு ஊர் நடப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாதத்தில் தோற்கப் போகிறவன் கடைசியில் எதிராளியின் தொழிலையும் சாப்பாட்டையும் வீட்டையுந்தான் பிடித்துக்கொள்கிறான்.

வீடு என்றதும் அடுத்த அர்த்தத்துக்கு வந்துவிட்டேன். நத்தை வீட்டைச் சுமந்துகொண்டு திரியும் பிராணி. 'நத்தம்' என்றால் சங்கு என்றும் லெக்சிகன் சொல்கிறது. ஊர்க் குடியிருப்பு நிலம் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது நத்தத்தைப் பற்றித் தெரியாதவர்கள் கிராமத்தில் இருக்க முடியாது. தாலுகா ஆபீசில் நத்தம் பட்டாவுக்காக நடக்காத கால் உண்டா? திண்டுக்கல் பக்கத்தில் நத்தம் என்று ஓர் ஊரே இருக்கிறது.

ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட கிராமங்களின் கணக்கு, கோயில் சுவரிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக் கணக்கு. ஒவ்வொரு கிராமத்திலும் வரி கிடையாத நிலம் எது எது என்று வரிசையாகச் சொல்கிறார்கள். ஊர் நத்தம் வருகிறது. கோயில் வருகிறது, குளம் வருகிறது, வாய்க்கால் வருகிறது. பறைச்சேரி வருகிறது, கம்மாளர் சேரி வருகிறது, சுடுகாடும் வருகிறது. எல்லாவற்றுக்கும் வரி இல்லை. அந்த வகையில் எல்லாரும் சமம். ஆனால் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நத்தம் என்பது ஊர். சேரி அந்த நத்தத்தில் அடங்கவில்லை. அதற்குத் தனிப் பெயர், தனி இடம். கல் வெட்டிய தச்சன் யாரையும் அவமதிக்க நினைத்திருக்க மாட்டான். இருந்ததை இருந்தபடி வெட்டினான்.

என் நண்பனின் வீடு ஏரிக்கரைப் புறம்போக்கில் இருந்தது. நத்தத்தில் இருந்த எங்களுக்கு நத்தை சாப்பாடு இல்லை. நத்தை தின்றவர்களுக்கு நத்தத்தில் இடம் இல்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நான் என் தப்பை முழுவதும் சொல்லியாக வேண்டும்.

நத்தை தின்பது கேவலம் என்று எந்தச் சாஸ்திரம் சொன்னது? ரோமாபுரிப் பிரபுக்கள் அதை விருந்தில் வைத்துத் தின்றார்கள். சீசரும் பாம்ப்பியும் சண்டை போட்டுக்கொள்வதற்குச் சற்று முன்னால், அதாவது கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில், ஃபுல்வியஸ் லிப்பினஸ் என்ற ரோமானியர் நத்தைக்கென்றே பண்ணை வைத்தார். ஒவ்வொரு சீமை நத்தையையும் தனித்தனியாக அடைத்து, திராட்சைரசமும் மாவும் ஊட்டிக் கொழுக்க வைத்தார் என்று பிளினி எழுதியிருக்கிறார். பிரான்ஸ் தேசத்தில் இன்றும் அது 'எஸ்கார்கோ' என்ற பெயரில், வெண்ணெயும் பூண்டும் சேர்த்து, அதற்கென்றே செய்த தட்டில், அதற்கென்றே செய்த சின்ன முள்கரண்டியோடு வருகிறது. விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். பெரிய ஓட்டலில் அதைத் தின்றுவிட்டு வந்தவர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார்.

நம்மிடமும் அது மருந்தாக வந்தால் குற்றமில்லை. சித்த வைத்தியத்தில் நத்தைப் பற்பம் உண்டு. மூலத்துக்கு நல்லது என்று தஞ்சைப் பக்கத்தில் நத்தைக் கறி தேடி வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பக்கத்தில் அதை ஊமச்சி என்பார்கள். வாயில்லாப் பூச்சி, குரலே கிடையாது, ஆகவே ஊமச்சி.

அது ஏழையின் அடுப்பில் கொதிக்கும்போதுதான் இழிவாகிவிடுகிறது. ஏழை ஏன் அதைத் தேடிப் போனான் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்த தாது வருஷப் பஞ்சத்தில், அன்று தர்மபுரியையும் தன்னுள் வைத்திருந்த சேலம் ஜில்லா மிகவும் அடிபட்டது. நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டது 1877ல். அரை கிலோவுக்கும் குறைவு! 1871ல் எடுத்த ஜனத்தொகையும் 1881ல் எடுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பத்து வருஷத்தில் கூட வேண்டிய எண்ணிக்கை, சேலம் ஜில்லாவில் குறைந்து போயிருக்கிறது. அத்தகைய சீமையில், நிலம் இல்லாதவன் ஏரிச் சேற்றில் கை விட்டுத் தேடியதை இழிவு என்று சொல்ல வயிறு நிறைந்தவனால்தான் முடியும்.

அது தெரியாத வயதில், ஒரு மழைக்காலத்துச் சனிக்கிழமை, நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா முதல் நாள் ஏரியில் பொறுக்கிய நத்தைகளை இரவெல்லாம் தண்ணீரில் போட்டு வைத்து மண்ணைக் கக்க வைத்திருந்தார். காலையில் வேகவைத்து, மூடியைத் தட்டிவிட்டு, சப்பாத்தி முள்ளால் ஒவ்வொன்றாகச் சதையை வெளியே எடுத்தார். மஞ்சளும் உப்பும் போட்டு நாலைந்து தண்ணீர் கழுவினார். சின்ன வெங்காயம், மிளகு. வாசனை தெருவுக்கு வந்தது. "சாப்பிடுவியா சாமி?" என்று என்னைக் கேட்டார். கேட்டவர் குரலில் பயம் இருந்தது. நான் சாப்பிட்டேன். களியும் நத்தைக் கறியும். ருசியாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த அம்மாவின் முகம் அன்று இருந்த மாதிரி நான் அதற்குப் பிறகு யார் முகத்தையும் பார்த்ததில்லை.

மறுநாள் சமாசாரம் எப்படியோ பையன்களுக்குத் தெரிந்துவிட்டது. "நேத்து ஏரிக்கரையில என்ன தின்ன?" என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் தெரிந்தால் தோல் உரிந்துவிடும் என்ற பயம். "நான் எங்கே தின்னேன்? அவந்தான் தின்னான். அவன் நத்தை!" என்று கையை நீட்டினேன்.

ஆம். அந்தப் பெயரை அவனுக்கு வைத்தவன் நான்தான்.

அவன் மறுக்கவில்லை. 'நீயுந்தானே தின்றாய்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. பிறகு பள்ளி முடிகிறவரை, ஊரை விட்டுப் போகிறவரை, அவன் நத்தைதான். நாளடைவில் அதற்குக் காரணம்கூடப் பையன்களுக்கு மறந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. முப்பது வருஷம் கழித்து, சந்தோஷத்தில் அதையே சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு எனக்கும் மறந்துவிட்டது!

மெதுவாக நடப்பேன் என்று அவன் சொன்னதைப் பற்றி இரண்டு வார்த்தை. மெதுவாக நடக்கிற பிராணி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதும் சரித்திரந்தான். இன்று தோட்டக்காரர்களைக் கதிகலங்க அடிக்கிற ஆப்பிரிக்கப் பெரு நத்தை இந்தியாவுக்குத் தானாக நடந்து வரவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மொரீஷியசுக்கு வந்து, அங்கிருந்து 1847ல் பென்சன் என்ற ஆங்கிலேயர் கையில் கல்கத்தாவுக்கு வந்தது. அவர் நத்தை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். சௌரங்கித் தோட்டத்தில் விட்டார். 1900ல் ஆலிவர் காலெட் என்பவர் அதைக் கல்கத்தாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுபோனார். பிறகு என்ன, கண்டது கடியதை எல்லாம் தின்று, தலைமுறை தலைமுறையாகப் பெருகிவிட்டது. 1966ல் அமெரிக்காவின் மயாமி நகரத்துச் சிறுவன் ஒருவன் ஹவாய்த் தீவிலிருந்து மூன்றே மூன்று நத்தைகளை எடுத்துவந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டாள். ஏழு வருஷத்தில் பதினெட்டாயிரத்துக்கு மேல் ஆயிற்று! ஒழித்துக் கட்டப் பத்து லட்சம் டாலரும் பத்து வருஷமும் பிடித்தன. சிறுபையன் விளையாட்டாக விட்ட ஒன்று எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும், எத்தனை பேரைச் செலவழிக்க வைக்கும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? மூன்று நத்தை விட்டவனை நான் குறை சொல்ல மாட்டேன். நான் ஒரு நத்தை விட்டவன்.

கடைசியாக ஓர் அர்த்தம். அதை நாம் எல்லாரும் சுமந்துகொண்டிருக்கிறோம். நம் காதுக்குள், எலும்புக்கு நடுவில், இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு சின்னக் குழல் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஃபலோப்பியஸ் என்ற இத்தாலிய வைத்தியர் அதன் வடிவத்தைப் பார்த்து 'காக்ளியா' என்று பெயர் வைத்தார். லத்தீன் பாஷையில் நத்தை என்று அர்த்தம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் அதை நத்தை எலும்பு என்று படிக்கிறார்கள். ஒலியின் அலை அந்தச் சுருளில் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த பெக்கேசி என்பவருக்கு 1961ல் நோபல் பரிசு கிடைத்தது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு அந்த நத்தைக்குள் மெல்லிய கம்பியை வைத்துத் தைத்துக் கேட்க வைக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு இது இலவசமாகவே நடக்கிறது. ஊமச்சி என்று நாம் பெயர் வைத்த பிராணியின் பெயரால் அமைந்த உறுப்பு இல்லாவிட்டால், உலகத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது.

'நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும்' என்று ஒரு பழமொழி இருக்கிறது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த 'உம்' எனக்கு இப்போது உறுத்துகிறது. 'நத்தை வயிற்றில்கூடவா!' என்று மூக்கில் விரல் வைக்கிறவனுடைய 'உம்' அது. முத்துப் பிறந்தால்தான் மரியாதையா? சேற்றில் கிடந்து, வறட்சியைத் தாங்கி, மழைக்கு எழுந்து வருகிற உயிருக்கு அதுவே போதாதா?

அந்தக் குழந்தைக்கு இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அவளுடைய அப்பா கொடுத்த அர்த்தம் அவளிடம் இருக்கிறது. அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் உலகம் பொல்லாதது. ஒரு நாள் யாராவது அவளிடம் மற்ற அர்த்தத்தைச் சொல்லிவிடலாம். அன்று அவள் பழைய அகராதியைத் திறந்தால், நந்து என்றால் சங்கு என்றும், வளர்தல் என்றும் அங்கே எழுதியிருப்பதைப் பார்க்கட்டும். அவள் பாட்டி சமைத்த கறியை ஊரில் ஒரு பையன் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றான் என்பது எந்த அகராதியிலும் இல்லை. அதற்காகத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் நண்பனுக்கு அவன் அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அழகான பெயர். அதை அச்சில் போட அவனிடம் நான் அனுமதி வாங்கவில்லை. தை மாதம் பொங்கலுக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறான். அப்போது அவன் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கெல்லாம் கேட்கும்படி, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடப் போகிறேன்.